'ஆயோ' என்று கூப்பிட்டதும் 'தாயோன்' என்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

2022 ஆகஸ்டில் கோவையிலிருந்து கிளம்பி, பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு தீவில் இரண்டு வருடம் மிஷனரியாக ஊழியம் செய்துவிட்டு, 2024 ஆகஸ்டில் வீடு வந்து சேர்ந்தேன். வந்த வாரமே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. தாமதத்துக்கு மன்னியுங்கள். அங்கே என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தமிழ் தெரியாது, அவர்களுக்கு செபுவானோ மொழியில் தனியாக எழுதிவிட்டேன். ஆனால் பிள்ளை சாப்பிட்டானோ இல்லையோ என்று இரண்டு வருடம் கவலைப்பட்டவர்கள் நீங்கள். எனக்குச் சோறு போட்டவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் சபையின் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன் என்றால்தான் பலருக்குப் புரிகிறது. ஆனாலும் முழுப் பெயரையே சொல்லும்படி அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 2018ல் கேட்டுக்கொண்டார், அதனால் நானும் முழுசாகவே சொல்லிப் பழகிவிட்டேன். பையன்கள் இரண்டு வருடம், பெண்கள் ஒன்றரை வருடம் ஊழியத்துக்குப் போவது எங்கள் வழக்கம். எந்த ஊர் என்று நாம் கேட்க முடியாது, அழைப்புக் கடிதத்தில் வரும் ஊர்தான். சம்பளம் கிடையாது. நம்மால் முடிந்த பணத்தை நாம் கட்ட வேண்டும், மீதியை சபையின் மிஷனரி நிதி பார்த்துக்கொள்ளும். என் வீட்டால் கட்ட முடிந்தது கொஞ்சம்தான். மீதியைக் கொடுத்தவர்கள் எந்தத் தேசத்தில் இருக்கிறார்களோ, அவர்கள் முகம்கூட எனக்குத் தெரியாது. முதல் நன்றி அவர்களுக்கு.

காலை 6.30க்கு எழ வேண்டும், இரவு 10.30க்கு விளக்கை அணைக்க வேண்டும். கூடவே எந்நேரமும் ஒரு கம்பேனியன், அதாவது ஜோடியாக ஊழியம் செய்யும் இன்னொரு மிஷனரி, இருப்பார். காலையில் வேதவாசிப்பு, மொழிப் படிப்பு, பிறகு வெயிலில் இறங்கி நடை. திங்கட்கிழமை ஆயத்த நாள். துணி துவைப்பதும் சாமான் வாங்குவதும் அன்றைக்குத்தான், வீட்டோடு பேசுவதும் அன்றைக்குத்தான். அங்கே ஒன்பதரை என்றால் நம்மூரில் ஏழு மணி. அம்மா இட்லி ஊற்றிக்கொண்டே பேசுவாள். வாராவாரம் பேசலாம் என்ற அனுமதி 2019ல்தான் வந்தது. அதற்கு முன்னால் போன அண்ணன்மார் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும் பேசிவிட்டு எப்படித்தான் இருந்தார்களோ! அவர்களை நினைத்துக்கொண்டுதான் என் முதல் மாதத்தைக் கடந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் ஒரு மூங்கில் படலுக்கு முன் நின்று என் கம்பேனியன் சத்தமாக "ஆயோ!" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னவோ நடந்துவிட்டது என்று அவர் கையைப் பிடித்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் நிதானமாக "தாயோன்" என்றது. வாசலில் நிற்பவர் ஆயோ என்று கூப்பிடுவது அங்கே வழக்கம், உள்ளே வாருங்கள் என்பதற்குத் தாயோன். நம் காதுக்கு ஐயோ என்று கேட்கிற அந்த வார்த்தையை ஒரு நாளைக்கு முப்பது தடவை நானும் சொன்னேன். சொன்ன எல்லா வீட்டிலும் கதவு திறக்கவில்லை. பல வீடுகளில் திரை விலகி மூடிக்கொள்ளும், சில இடங்களில் "நாங்கள் கத்தோலிக்கர்" என்று சிரித்தபடி சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர், வெயிலாக இருக்கிறதே என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பியதில்லை. எங்கள் செய்தி வேண்டாம், ஆனால் நாங்கள் தாகத்தோடு போகக் கூடாது. அந்தத் தண்ணீருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அப்படிச் சொன்னவர்களில் ஒருவரைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும். கார்கார் என்ற ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். பாட்டியை அங்கே லோலா என்பார்கள். முதல் சந்திப்பிலேயே அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "நான் இந்த மதத்தில் பிறந்தேன், இதிலேயே சாவேன். ஆனால் உன் செபுவானோவைக் கேட்கச் சகிக்கவில்லை. புதன்கிழமை வா, திருத்துகிறேன்." அந்த ஊரில் நான் இருந்த ஆறு மாதமும் புதன்கிழமை சாயங்காலம் அவர் திண்ணையில்தான். எங்கள் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1820ல் பதினான்கு வயதில் தோப்புக்குள் போய் ஜெபித்த கதையை நான் சொல்வேன், கழுத்து ஜெபமாலையை விரலால் உருட்டிக்கொண்டே கேட்பார். கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், வினைச்சொல்லை மட்டும் திருத்துவார்.

அவர்தான் எனக்கு ஹுமாய், புகாஸ், கானோன் என்று மூன்று வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தார். களத்தில் இருப்பது ஹுமாய், மூட்டையில் இருப்பது புகாஸ், தட்டில் இருப்பது கானோன். அப்போது என் கம்பேனியனாக இருந்த அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பையன் மூன்றும் ரைஸ்தானே என்று முழித்தான். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. நெல், அரிசி, சோறு! "எங்கள் ஊரிலும் மூன்று" என்று சொன்னதும் லோலா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மூன்றையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். 'நெல்' அவருக்கு நன்றாக வந்தது, 'அரிசி' வரவில்லை.

இன்னொரு புதன்கிழமை கிதாவும் கமியும். கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் கிதா, சேர்க்காமல் சொன்னால் கமி. நாம், நாங்கள் என்பதைத்தான் அவர் ஒரு மணி நேரம் அந்தப் பையனுக்குப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். அவன் ஜெபத்தில் பரலோகப் பிதாவை "நம்முடைய பிதாவே" என்று கூப்பிட்டு வந்தான். அப்படிச் சொன்னால் பிதாவுக்கும் அவர் பிதா என்று ஆகிவிடும். 'நமோ' என்று சொல்ல வேண்டும், அதாவது எங்கள். நம் வேதாகமத்திலும் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்றுதானே இருக்கிறது? சின்ன வயதிலிருந்து சொல்லி வந்த ஜெபம், அந்த 'எங்கள்' எதற்கு என்று எனக்கு உறைத்தது செபுவில் ஒரு கத்தோலிக்கப் பாட்டியின் திண்ணையில்தான்.

எனக்கு அந்த ஊரிலிருந்து டிரான்ஸ்ஃபர் வந்தது. கடைசிப் புதன்கிழமை விடைபெறப் போனேன். ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட எங்களோடு அவர் ஜெபித்ததில்லை, நாங்களும் வற்புறுத்தியதில்லை. அன்றைக்கு எழுந்து நின்று "மக்-அம்போ தா" என்றார். ஜெபிப்போம். அந்தத் தா, கிதாவின் சுருக்கம். அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார், நாங்கள் எங்கள் வழக்கப்படி கைகட்டி நின்றோம். யார் ஜெபிப்பது என்று ஒரு நொடி குழப்பம். அப்புறம் அவரே ஜெபித்தார். லோலா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எந்த மொழியிலும் தெரியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது, 2021 டிசம்பர் 16ல் அடித்த ஓடெட் புயலின் காயம் ஆறவே இல்லை. தலை முறிந்த தென்னைகள் வரிசையாக நின்றன, கூரையில் தார்ப்பாய். ஒரு குடும்பத்துக்கு ஹாலோ பிளாக் சுமந்து கொடுக்கப் போனோம். மத்தியானம் சோறும் புவாதும் வைத்தார்கள். புவாத் என்றால் கருவாடு. மொத்தம் ஏழு பேர், தட்டில் ஐந்து மீன். எங்கள் இரண்டு பேர் இலையிலும் முழு மீன் இருந்தது, அந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்றைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் வேண்டாம் என்று எடுத்து வைத்தபோது அந்த அம்மா முகம் வாடிவிட்டது. அப்புறம் சாப்பிட்டேன். விருந்தாளி மறுத்தால் என் அம்மா முகமும் அப்படித்தான் வாடும்.

டெங்கு வந்து படுத்ததை அப்போது வீட்டில் முழுசாகச் சொல்லவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா. ஐந்து நாள் ஆஸ்பத்திரி. என் கம்பேனியன் பக்கத்து நாற்காலியிலேயே தூங்கினார். ஒரு சபைச் சகோதரியை நாங்கள் எல்லோரும் நானாய், அதாவது அம்மா என்போம். அவர் தினமும் கஞ்சியும், ஒரு பாட்டிலில் பச்சையாக ஏதோ கஷாயமும் கொண்டுவந்தார். தாவா-தாவா என்றார். டாக்டர் போட்ட சலைன் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அந்தச் செடியைக் காட்டச் சொன்னேன். கொல்லைப்புறத்தில் தரையோடு கிடந்தது. கிள்ளினால் பால் வடிகிறது. நம் அம்மான் பச்சரிசி! அம்மாச்சி வீட்டு வாசலில் மிதித்துக்கொண்டு திரிந்த செடி. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நானாய்தான், எங்கள் சபை வழக்கப்படி நாங்கள் காபி, டீ குடிக்க மாட்டோம் என்பதற்காகத் தன் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் எங்களுக்கு சிக்வாதே காய்ச்ச ஏற்பாடு செய்தவர். கொக்கோ வில்லையைக் கரைத்துக் கடைந்த சூடான பானம், தேங்காய்ப்பால் ஊற்றி இஞ்சி போட்டு அவித்த ஒட்டரிசியோடு.

நம்மூர் ஆட்டோ மாதிரி ஓடும் ட்ரைசிக்கிள் ஒன்றின் ஓட்டுநருக்கு நாங்கள் மூன்று மாதம் கற்பித்தோம். எங்கள் போதனையில் அவருக்குக் கஷ்டமாக இருந்தது ஒன்றே ஒன்று, சிகரெட்டை விடுவது. தினமும் சாயங்காலம் போய்க் கதவு தட்டுவோம், இன்றைக்கு எத்தனை என்று அவரே சொல்வார். பன்னிரண்டு, ஒன்பது, மறுபடி பதினொன்று, நான்கு. ஒரு நாள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்தபடி அழுதார். அவர் ஞானஸ்நானம் எடுத்த அன்று வெள்ளை உடையில் தொட்டிக்குள் இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னை நம்பி ஒரு மனிதர் அவ்வளவு தூரம் நடந்து வந்தாரே! மொத்தம் எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கணக்கை நான் சொல்லப் போவதில்லை, அவர்கள் எனக்குக் கணக்கு இல்லை.

கார்காரில் செருப்பு, ஷூ தைக்கும் தொழில் பெரிது. பிளந்துபோன என் ஷூவை இரண்டு தடவை தைத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்த மாமாவுக்கும் நன்றி. அந்த ஷூவோடுதான் ஊர் திரும்பினேன்.

இனி இங்கே இருப்பவர்களுக்கு. வெள்ளைச் சட்டை ஆறும் தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த அக்காவுக்கு. ஒவ்வொரு ஞாயிறும் என் பெயர் சொல்லி ஜெபித்த கோவை பிராஞ்ச், அதாவது எங்கள் ஊர்ச் சிறு சபைக் குடும்பத்துக்கு. பாஸ்போர்ட் ஆபீஸுக்கு மூன்று முறை என்னை வண்டியில் கூட்டிப்போய், கிளம்பும் நாளில் தன் பூஜை அறையிலிருந்து திருநீறு எடுத்து வந்து "இதைப் பையில் வச்சுக்கோ, உங்க சாமி ஒண்ணும் நினைச்சுக்காது" என்று கொடுத்த எதிர்வீட்டு அத்தைக்கு. அது இரண்டு வருடமும் என் பெட்டியில் இருந்தது அத்தை.

அப்பா சபையில் இல்லை. நான் போவது அவருக்குப் பிடிக்கவும் இல்லை, படிப்பு கெடும் என்றார். ஆனாலும் ஏர்போர்ட்டுக்கு வந்தார், "போறேன்னு சொல்லாத, போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்றார்.

அப்பா, உங்களிடம் நேரில் சொல்ல வராத ஒன்றை இங்கே எழுதுகிறேன். மிஷனரிகளின் கறுப்பு பேட்ஜில், பையன்களுக்கு எல்டர் என்ற பட்டத்தைப் போட்டுக் குடும்பப் பெயரை எழுதுவார்கள். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது உங்கள் பெயர்தான். இரண்டு வருடம் என்னை யாரும் என் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. லோலா திட்டியதும் உங்கள் பெயரைச் சொல்லித்தான், நானாய் கஞ்சி குடிக்க எழுப்பியதும் உங்கள் பெயரைச் சொல்லித்தான். எங்கோ ஒரு தீவில் மூங்கில் படல்களுக்கு உள்ளே உங்கள் பெயர் இப்போதும் இருக்கிறது.

வீடு வந்த அன்று பேட்ஜைக் கழற்றி அப்பா கையில் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போன வாரம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க லேத் பட்டறைக்குப் போனபோது பார்த்தேன். அவருடைய டூல் பாக்ஸில், யாரையும் தொடவிடாத மைக்ரோமீட்டர் டப்பாவுக்குப் பக்கத்தில், துணி சுற்றி வைத்திருக்கிறார்.