தம்பிக்கு ரத்தம் ஊறுகிறது: குடியாத்தத்திலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள உறவுகளுக்கும், நண்பர்களுக்கும், முகம் தெரியாமலே ரத்தம் கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

தம்பிக்கு இப்போது பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) ஏற்றாமலே அதன் எண்ணிக்கை குறையாமல் நிற்கிறது. டாக்டர் வாயால் இதைக் கேட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். போனில் ஆளாளுக்குச் சொல்லி மாளவில்லை.

முதல் நன்றி வார்டில் எங்களுக்கு விளக்கம் சொன்ன சிஸ்டருக்கு. ஏபிளாஸ்டிக் அனீமியா, அதாவது உடம்பில் ரத்தம் ஊறுவதே குறைந்துபோகும் நோய் என்றதும் பாதி ஊர் முருங்கைக்கீரை கொடு, பேரீச்சை கொடு என்றது. அந்த சிஸ்டர்தான் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: “நாற்றங்காலே காஞ்சு போச்சும்மா. வயலுக்கு எரு போட்டு என்ன பண்றது?” அம்மா கழனி வேலை பார்த்தவர். அதற்கு மேல் அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னார். வளர்ந்த மனிதர் உடம்பிலும் ஸ்டெம் செல்கள், அதாவது மற்ற அணுக்களை உண்டாக்கும் மூல அணுக்கள் இருக்கின்றன. ரத்தத்துக்கானவை எலும்பு மஜ்ஜையில் குடியிருக்கின்றன. சிவப்பணு 120 நாள் போல வாழும், பிளேட்லெட் பத்து நாளைத் தாண்டாது. அதனால் மஜ்ஜை நொடிக்கு சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களைப் புதிதாக உண்டாக்கியபடியே இருக்க வேண்டும். ஸ்டெம் செல்கள் பெருகும்போது சில ரத்த அணுக்களாக மாறும், சில ஸ்டெம் செல்களாகவே தங்கும். அதனால்தான் ஆயுசு முழுக்கத் தீராமல் ஊறுகிறது. தம்பிக்கு வந்த நோயில் பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்த ஸ்டெம் செல்களை அழித்துவிடுகிறது. மஜ்ஜை இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்புதான் மிஞ்சும்.

அடுத்த நன்றி என் மாமியாருக்கு. பொருந்தும் ஒருவரின் ஸ்டெம் செல்லைத் தம்பிக்கு ஏற்றுவதுதான் மாற்று சிகிச்சை. அதற்குப் பார்க்கும் எச்.எல்.ஏ. (அணுக்களின் மேல் இருக்கும் அடையாளக் குறி) பொருத்தம் கூடப்பிறந்த ஒருவரோடு அமைய நாலில் ஒரு வாய்ப்புதான், எனக்கு அமைந்தது. உடனே தெருவில் பேச்சு கிளம்பியது. முதுகெலும்பில் ஓட்டை போடுவார்களாம், அப்புறம் பிள்ளை தங்காதாம். அத்தை யாரிடமும் சண்டை போடவில்லை. பஸ் ஏறி வேலூருக்கு வந்து டாக்டரிடமே கேட்டார். நாலைந்து நாள் தோலுக்கடியில் ஊசி போட்டால் மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்குள் இறங்கிவரும், ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து மெஷினில் அவற்றை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியை மறு கையில் ஏற்றிவிடுவோம், கொடுத்தது மறுபடி ஊறிவிடும் என்று அவர் சொன்னார். ஊசி போட்ட நாட்களில் இடுப்பும் முதுகும் நன்றாகவே வலித்தன, அதை மறைக்க மாட்டேன். ஊர் பயந்த அளவுக்கு வேறெதுவும் இல்லை.

பிளேட்லெட் கொடுத்த கல்லூரித் தம்பிகளுக்கும், ராணிப்பேட்டையிலிருந்து ஷிப்ட் முடித்துவிட்டு வந்த அண்ணன்களுக்கும் என்ன சொல்வது? வீட்டில் இத்தனை பேர் இருந்தும் ஏன் வெளியாட்களைக் கேட்கிறார்கள் என்று சிலர் முகம் சுளித்தார்கள். மாற்று சிகிச்சைக்கு முன் குடும்பத்தார் ரத்தத்தை ஏற்றினால் உடம்பு அதற்கு எதிராகப் பழகிவிடும், பிறகு எங்கள் ஸ்டெம் செல்லையும் தள்ளிவிடலாம். அதனால் நாங்களே கொடுக்கக் கூடாது என்றுவிட்டார்கள். பிளேட்லெட்டை ஐந்து நாள் போலத்தான் வைத்திருக்க முடியும் என்பதால் ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. வந்தீர்கள்.

பார்க்க வராமல் இருந்த உறவினர்களுக்குத் தனி நன்றி. நம் ஊரில் ஆஸ்பத்திரிக்கு வராமல் இருப்பது எவ்வளவு பெரிய தியாகம் என்று எனக்குத் தெரியும்! மருந்து கொடுத்துப் பழைய மஜ்ஜையையும் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கியிருந்த நாட்களில் ஒரு சாதாரணச் சளிகூட அவனுக்கு ஆபத்தாகியிருக்கும்.

மருந்துக்கடை அண்ணனுக்கும் கடன்பட்டிருக்கிறேன். மூட்டுவலி, சர்க்கரை, ஆட்டிசம் எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்டெம் செல் ஊசி என்று எங்கேயோ ஒரு கிளினிக்கின் நோட்டீஸ் அத்தை கைக்கு வந்தது. அந்த அண்ணன்தான் தடுத்தார். ரத்த நோய்களுக்கான மாற்று சிகிச்சையைத் தவிர மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாகத்தான் நடக்க வேண்டும், அந்த ஆய்வுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலிலேயே இருக்கிறதாம். ஸ்டெம் செல் பொய்யில்லை. சுண்ணாம்பு பட்டுக் கெட்ட கண்ணுக்கு, நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து ஸ்டெம் செல் எடுத்து வைத்துப் பார்வை மீட்கிறார்கள். நம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் 1986 முதலே மஜ்ஜை மாற்று நடக்கிறது. ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா ஏ நோய் உள்ள ஐந்து பேருக்கு, அவரவர் ஸ்டெம் செல்லிலேயே ஜீனைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்த ஆய்வின் முடிவும் 2024 டிசம்பரில் வெளிவந்தது. இவ்வளவு உழைப்பில் வந்த பெயரை வைத்து நோட்டீஸ் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு வேடிக்கை. தம்பி பி பாசிட்டிவ், நான் ஓ பாசிட்டிவ். எச்.எல்.ஏ. பொருந்த ரத்த வகை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இனி அவனும் மெல்ல ஓ பாசிட்டிவ் ஆகிவிடுவான். லைசென்ஸை மாற்ற வேண்டும் என்று அப்பா இப்போதே புலம்புகிறார்.

வீட்டுக்கு வந்தாலும் இன்னும் சில மாதம் கூட்டம் ஆகாது, என் அணுக்கள் அவன் உடம்போடு மோதாமல் இருக்க மாத்திரையும் தொடர்கிறது. பழக்கூடை வேண்டாம். கொடுக்க நினைத்ததை ரத்த வங்கியில் போய்க் கொடுங்கள். அவன் இருந்த வார்டில் இன்றும் யாருக்கோ பிளேட்லெட் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா
குடியாத்தம்