எஸ்பிஐ சிப் செலக்ட்: சிப் நிறுவனங்களின் டிரைவர் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நீங்கள் தரும் லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப்பகுதியை) வைத்துத்தான் நாங்கள் புது சர்க்யூட் போர்டுகளை முதன்முதலாக இயக்கி எழுப்புகிறோம். சிப்புகள் ஒன்றோடொன்று பேசும் எஸ்பிஐ என்ற இணைப்பில், எந்தச் சிப்போடு பேச்சு என்று காட்டும் சிப் செலக்ட் என்ற ஒரே ஒரு கம்பிக்காக இதை எழுதுகிறேன். அது கீழே இறங்கியிருக்கும்வரைதான் அந்தச் சிப் கேட்கும்.

எங்கள் போர்டில் ஒரு நார் ஃபிளாஷ் (மின்சாரம் போனாலும் தரவை வைத்திருக்கும் நினைவகச் சிப்). பூட் ஆகும்போது, யார் நீ என்று கேட்கும் 9எஃப் கட்டளை கொடுத்தால் ஈஎஃப் 40 18 என்று அடையாளம் ஒழுங்காக வந்துவிடும். சரி, வேலை முடிந்தது என்று இருந்தோம். அப்புறம் பெரிய கோப்புகளைப் படித்தபோது, அதுவும் நெட்வொர்க் மும்முரமாக ஓடும்போது மட்டும், பாதியிலிருந்து தரவுக்குப் பதில் வெறும் எஃப்எஃப் வந்தது. ஒரு வாரம் பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டோம். கம்பிகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் லாஜிக் அனலைசரை மாட்டிய பிறகுதான் தெரிந்தது: படித்துக்கொண்டிருக்கும்போதே சிப் செலக்ட் மேலே போய், உடனே கீழே இறங்குகிறது.

அனுப்பும் ஃபிஃபோ (பைட்டுகள் வரிசையில் காத்திருக்கும் சிறு இடம்) காலியானதும் உங்கள் சிப்பில் உள்ள எஸ்பிஐ கன்ட்ரோலர் தானாகவே கம்பியை விட்டுவிடுகிறது. ஃபிஃபோவை நிரப்பச் சொல்லும் இன்டரப்ட் கொஞ்சம் தாமதமானாலே போதும். கம்பி மேலே போனால் ஃபிளாஷுக்குப் பேச்சு முடிந்தது; அடுத்த பைட்டைப் புதுக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். அடையாளம் கேட்பது நாலே பைட், ஃபிஃபோவுக்குள் அடங்கிவிடுவதால் சோதனையில் இது மாட்டாது.

இதற்கு வழி உண்டு. அந்தப் பின்னை ஜிபிஐஓவாக்கி (மென்பொருளே ஏற்றி இறக்கும் பின்னாக்கி), டிவைஸ் ட்ரீயில் (வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பில்) சிஎஸ்-ஜிபிஐஓஸ் வரியில் சேர்த்தால், மெசேஜ் முடியும்வரை கெர்னலின் பொதுவான எஸ்பிஐ பகுதியான எஸ்பிஐ கோரே கம்பியைப் பிடித்துக்கொள்ளும். வன்பொருளே பார்த்துக்கொள்ளட்டும் என்கிற சாதனத்துக்கு அதே வரியில் 0 போட்டால் போதும். நாங்களும் சேர்த்தோம், ஒன்றும் மாறவில்லை. உங்கள் டிரைவரில் யூஸ்_ஜிபிஐஓ_டிஸ்கிரிப்டர்ஸ் என்ற அமைப்பு வைக்கப்படவே இல்லை. அது இல்லையென்றால் கோர் அந்த வரியைத் திரும்பியும் பார்க்காது. அதை வைத்தால் பைட்டுகளை நகர்த்தும் கிளாக்கே வரவில்லை! உள்ளே ஒரு சிப் செலக்டைத் தேர்ந்தெடுத்தால்தான் பரிமாற்றத்தையே தொடங்கும் கன்ட்ரோலர் அது. எஸ்பிஐ_கன்ட்ரோலர்_ஜிபிஐஓ_எஸ்எஸ் கொடியையும் சேர்த்த பிறகுதான் ஃபிளாஷ் முழுதாகப் படித்தது.

லினக்ஸில் உள்ள டிசைன்வேர் (பல சிப்புகளில் உள்ள ஒரு எஸ்பிஐ கன்ட்ரோலர்) டிரைவரைத் திறந்து பாருங்கள். ஃபிஃபோவுக்கு ஈடுகொடுக்காவிட்டால் சிப் செலக்ட் விலகி, வேலை பாதியில் நின்றுவிடும் என்று கமென்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் கன்ட்ரோலரின் குணம் உங்களுக்குத் தெரியாததல்ல. அதை டிரைவரிலும் கையேட்டிலும் எழுதுங்கள். டிரைவரில் நாங்கள் சேர்த்த அந்த அமைப்பு, கொடி என்ற இரண்டு வரிகளையும் அடுத்த வெளியீட்டில் சேருங்கள். உங்கள் மாதிரிப் போர்டின் டிவைஸ் ட்ரீயிலும் ஜிபிஐஓ சிப் செலக்டையே காட்டுங்கள். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறோம்.

அன்புடன்,
போர்டு எழுப்பும் ஒரு பொறியாளர்