பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர் பி.என். ரோட்டில் பதினெட்டு வருடமாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரை விசா எடுத்து வரச்சொல்லி பனியன் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் அழைப்புக் கடிதங்களை நிறைய அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் தெரிந்தவர் ஒருவர் அவசரமாக வந்தார். “ஏனுங்ணா, போன வருசத்து லெட்டர்லயே பேரை மட்டும் மாத்திக் குடுத்துருங்க” என்றார். மாற்றிக் கொடுத்தேன். பையர் ஸ்பெயின்காரர். அங்கே அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என இரண்டு குடும்பப் பெயர் இருக்கும். ஈமெயிலில் அவர் ஒன்றை மட்டும் போட்டிருந்தார், நானும் அதையே அடித்துவிட்டேன். பாஸ்போர்ட்டில் இரண்டும் இருந்தன. பெயர் ஒத்துவரவில்லை என்று விசா மனு திரும்பியது. புதுக் கடிதம் போய்ச் சேருவதற்குள் பயணமே தள்ளிப்போய்விட்டது. சாம்பிள்களைத் தைத்து, அயர்ன் பண்ணி, ஹேங்கரில் மாட்டிக் காத்திருந்த அந்த மனிதரின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பாஸ்போர்ட் நகலைக் கேட்காதது என் தப்பும்தான்.

இப்போது நகல் வாங்காமல் அடிப்பதில்லை. பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் அதில் உள்ளபடியே அடிக்கிறேன். ‘வியாபாரம் பேச’ என்று மொட்டையாகப் போடுவதும் இல்லை. எந்த யூனிட்டைப் பார்க்கிறார், எந்த சாம்பிளை முடிவு செய்கிறார், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, தங்கும் செலவு யாருடையது என்று கேட்டு எழுதுகிறேன். லெட்டர்பேடில் ஜி.எஸ்.டி. எண், ஏற்றுமதி இறக்குமதி எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். கையெழுத்துப் போடுபவரின் பெயர், பதவியோடு, கூப்பிட்டால் எடுக்கிற போன் நம்பரும் வேண்டும். அப்புறம், இணையவழி விசாவுக்கு ஏற்றும் பி.டி.எஃப். 300 கே.பி.யைத் தாண்டினால் ஏறாது. செல்போனில் படம் பிடித்து அப்படியே அனுப்பிவிட்டு, பாதி ராத்திரியில் எனக்குப் போன் போடுகிறார்கள்.

பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் இதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். இருபது மெஷின் ஓட்டுகிறவருக்கு யார் இருக்கிறார்கள்? உங்கள் வணிகப் பக்கத்தில் ஒரு மாதிரிக் கடிதம் வெளியிடுங்கள். நம் பகுதி வணிகவியல் கல்லூரிகளும் மாணவர்களை இப்படி ஒரு கடிதமாவது எழுதவைத்துத் திருத்திக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
டைப்பிங் கடைக்கார வாசகர்,
பி.என். ரோடு, திருப்பூர்