மாப்பிள்ளையோட கோச்சிப் பைத்தியம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறேன். நேத்து நீ போன்ல கத்தினத அம்மா ஸ்பீக்கர்ல போட்டுட்டா, எல்லாம் கேட்டுச்சு. மாப்பிள்ளை கராஜ் முழுக்க பலகைய அடிச்சு சின்ன கோச்சி, அதான் பொம்ம ரயிலு, ஓட்டுறாரு, கார் வெளிய மழையில நனையுது, இதுல நம்ம இலங்க மலையில இருக்கிற தெமோதர ஸ்டேசன வேற கட்டப் போறாராம். நீ கோவப்படுறது நியாயந்தான். ஆனா எனக்கும் ராத்திரி தூக்கம் வரல, படுத்துக்கிட்டே கணக்குப் போட்டேன்.

தெமோதர ஒனக்கு தெரியாததா, பதுளைக்குப் போற கோச்சி ஸ்டேசன விட்டு ஒரு சுத்து சுத்தி எறங்கி அதே ஸ்டேசனுக்கு அடியில சுரங்கத்துல நொழஞ்சு போகும். தோட்டத்துல வேல வாங்குற ஒரு கங்காணி தலப்பாவ அவுத்து சுத்திக் கட்டுனத பாத்துதான் இஞ்சினியருக்கு யோசன வந்துச்சுன்னு நம்ம ஆளுங்க சொல்லுவாங்க. கதையோ நெசமோ, நான் நம்புறேன். நம்ம மலைப் பாதையில கடும் ஏத்தம் 44க்கு 1, அதாவது 44 அடி போனா 1 அடி ஏறும். மாப்பிள்ளை 60 சென்ரிமீட்டர் ஆரத்துல வளைவு போட்டா ஒரு சுத்து 377 சென்ரிமீட்டர், அத 44ஆல பிரிச்சா எட்டரை சென்ரிமீட்டர் ஏத்தம் வருது. அவரோட கோச்சி நெச கோச்சில 76ல ஒரு பங்கு, ஒசரம் 5 சென்ரிமீட்டர் சொச்சம், மேல பலகை வச்சாலும் அடியில தாராளமா நொழையும். 1924ல பதுளை வரைக்கும் போட்டு முடிச்ச பாதையோட ஏத்தம் ஒன் கராஜுக்குள்ள அப்படியே பொருந்துது புள்ள! ரெண்டு மூணு பெட்டிக்கு மேல மாட்ட வேணாம்னு சொல்லு, வளைவும் ஏத்தமும் சேந்தா வீல் வழுக்கும்.

ஒரே ஒரு கொற. நம்ம தண்டவாளம் அகலம் அஞ்சரை அடி, 76ல ஒரு பங்குன்னா 22 மில்லிமீட்டர் வேணும், கடையில விக்கிற சின்ன தண்டவாளம் 16.5. நம்ம எஞ்சின் அதுல நின்னா கொக்குக் கால்ல எரும நிக்கிற மாதிரி. வெள்ளக்காரனுக்கு தெரியாது, எனக்கு தெரியும்.

பார்க்ல பேரன் கோச்சி மேல குந்தி இருக்கிற படம் பாத்தேன். 7¼ அங்குல அகலப் பாதை, அதுல பெரியாளுங்களே காலப் போட்டு உக்காந்து போறாங்க, கரி போட்டு நெசமாவே ஸ்டீம் புடிக்கிறாங்க. தேயில பேக்டரில ட்ரையர் அடுப்புக்கு வெறகு தள்ளுன கையி, படத்த பாத்ததும் அரிச்சுது. பாய்லர பிரஷர் டெஸ்ட் பண்ணி சர்ட்டிபிகேட் இல்லாம ஆள ஏத்த மாட்டாங்கன்னு மாப்பிள்ளை சொன்னாரு, நிம்மதி. இருந்தாலும் பேரன் ஓட்டப் பழகுனா மொதல்ல பாய்லர்ல தண்ணி எவ்வளவு இருக்குன்னு காட்டுற தண்ணிக் கண்ணாடிய பாக்கச் சொல்லிக் குடு, அடுப்பு மேல்தகட்டுல தண்ணி இல்லாம காஞ்சா ஆபத்து, பாய்லர் சின்னதா இருந்தாலும் ஆபத்து ஆபத்துதான்.

அப்புறம், மீன் டின்னுல நூல் கட்டை வீல் வச்சு ஒனக்கு ஒரு எஞ்சின் செஞ்சு குடுத்தேனே, ஞாபகம் இருக்கா? லயத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில அத இழுத்துக்கிட்டு திரிஞ்சு ஒருத்தரையும் தூங்க விடல. அது மாப்பிள்ளைக்கு தெரியாதுன்னு நெனைக்கிறேன், அடுத்த தடவ கத்துனா சொல்லிருவேன்.

கணக்க தனியா எழுதி படம் புடிச்சு அனுப்புறேன், அவர்கிட்ட குடு. காருக்கு ஒரு தறப்பாள் வாங்கிப் போடு.

அப்பா