உயர்தர உயிரியல் பிரிவுப் பெற்றோருக்கு: இதயத் தொழில்நுட்பம் படித்தால் என்ன வேலை?

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

உயிரியல் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் இப்போது ஒரே பேச்சுத்தான்: பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி எவ்வளவு வரும், மருத்துவபீடம் கிடைக்குமா. கிடைக்காது போலத் தெரிந்ததும் சிலர் இன்னொரு முறை எழுதச் சொல்லுகிறீர்கள், சிலர் கையில் அகப்பட்ட துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து ஏதோ ஒரு டிப்ளோமாவுக்குக் காசு கட்டிவிடுகிறீர்கள். அந்தத் துண்டுப்பிரசுரங்களில் இருக்கும் ஒரு பெயர் கார்டியோவாஸ்குலர் டெக்னாலஜி, அதாவது இதய, இரத்தக்குழாய்த் தொழில்நுட்பம். "சேர், இது நல்ல படிப்பா?" என்று கேட்டு வருகிற அம்மாமாருக்கு அலுவலக வாசலில் நின்றபடி பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நல்ல படிப்புத்தான். ஆனால் சான்றிதழில் என்ன பெயர் இருக்கிறது என்பதைவிட, படிக்கிற காலத்தில் பிள்ளை வைத்தியசாலைக்குள் எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை நோயாளிக்குத் தன் கையால் பரிசோதனை செய்தது என்பதுதான் பிறகு வேலை எடுத்துக் கொடுக்கும்.

இதய வைத்தியரிடம் போய் வந்தவர்களுக்கு இந்தத் துறையைப் புரிய வைப்பது சுலபம். வைத்தியர் பார்ப்பதற்கு முன்னரே உங்களைப் படுக்கவைத்து இ.சி.ஜி. எடுத்தவர், எக்கோ (ஒலியலையால் இதயத்தைத் திரையில் காட்டும் பரிசோதனை) பார்த்தவர், ட்ரெட்மில்லில் ஏற்றி நடக்கவிட்டவர், இதயத் துடிப்பைப் பதிகிற 24 மணிநேர ஹோல்டர் கருவியை இடுப்பில் மாட்டி அனுப்பியவர், இவர்கள்தான் அந்த ஆட்கள்.

இ.சி.ஜி. சின்ன வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உடம்பில் 10 இடத்தில் ஒட்டி 12 கோணத்தில் இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவது அது. நெஞ்சில் ஒட்டுகிற முதல் இரண்டும் நாலாவது விலா இடைவெளியில் வரவேண்டும்; கண்ணால் மதிப்பிட்டு ஒட்டக்கூடாது, விரலால் விலா எலும்பைத் தடவி எண்ண வேண்டும். வலக்கை வயரையும் இடக்கை வயரையும் மாற்றிப் போட்டால் முதலாவது வரைபு தலைகீழாக வரும், ஒன்றுமில்லாத ஆளுக்கு ஏதோ பெரிய வருத்தம் மாதிரி இருக்கும். பெண் நோயாளிகள் இந்தப் பரிசோதனைக்குப் பெண் ஊழியரைத்தான் விரும்புவார்கள் என்பதை மகள்மார் இருக்கிற பெற்றோர் கவனியுங்கள். அரசாங்கத்தில் இதற்கு இ.சி.ஜி. பதிவாளர் என்று தனிப் பதவியே உண்டு. சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரி, ஆளை எடுத்து, தானே பயிற்சியும் கொடுக்கும். கேட்கிற பாடங்கள், சித்திகள், வயதெல்லை எல்லாவற்றையும் அந்தந்த வர்த்தமானியிலேயே பாருங்கள். பக்கத்து வீட்டு அண்ணா சொன்னதை நம்பி இருக்க வேண்டாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது எக்கோ. பௌதிகவியலில் டொப்ளர் விளைவை (அசைகிற பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறுவதை) பரீட்சைக்குப் பாடமாக்கிவிட்டு மறக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்: வால்வு வழியாகப் பாய்கிற இரத்தத்தின் வேகத்தை அதே டொப்ளரால் அளந்து, அந்த வேகத்தை வர்க்கித்து 4 ஆல் பெருக்கினால் வால்வின் இரண்டு பக்கத்துக்கும் உள்ள அமுக்க வித்தியாசம் ஏறக்குறைய வந்துவிடும். செக்கனுக்கு 4 மீற்றர் வேகம் என்றால் 64 மில்லிமீற்றர் இரசம், இரத்த அழுத்தம் அளக்கிற அதே அலகு. பெருநாடி வால்வில் அப்படி வந்தால் வால்வு கடுமையாகச் சுருங்கியிருக்கிறது என்று எடுப்பார்கள். 1953 இல் சுவீடனில் எட்லர் என்ற வைத்தியரும் ஹேர்ட்ஸ் என்ற பௌதிகவியலாளரும் எக்கோவைத் தொடங்கியபோது, முதலில் பரீட்சித்துப் பார்த்தது கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்துக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிற கருவியைத்தான். துறைமுக ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன். எக்கோ நன்றாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லா இடத்திலும் தேவை இருக்கிறது, ஆனால் அந்தந்த நாட்டுப் பதிவும் தகுதிப் பரீட்சையும் வேறு. எங்கள் நாட்டில் எக்கோவைப் பெரும்பாலும் வைத்தியர்களே பார்க்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது கேத் லேப், இதய இரத்தக்குழாய் அடைப்பை எக்ஸ்ரேயில் பார்க்கிற ஆஞ்சியோகிராம் செய்கிற இடம். எங்கள் பகுதியில் பலர் இதற்காக யாழ்ப்பாணமோ கொழும்போ போய் வந்திருப்பீர்கள். அங்கே வைத்தியருக்குப் பக்கத்தில் நின்று இதயத்துக்குள் இருக்கும் அமுக்கத்தையும் துடிப்பையும் திரையில் கவனிப்பது தொழில்நுட்பவியலாளர். பாரமான ஈய அங்கியைப் போட்டபடி மணிக்கணக்காக நிற்க வேண்டும், நடுச்சாமத்தில் மாரடைப்பு வந்தாலும் கூப்பிடுவார்கள். கதிர்வீச்சை நினைத்துப் பயப்படுகிற பெற்றோருக்கு: அங்கியும், உடம்பில் சேர்ந்த கதிர்வீச்சின் அளவைக் காட்டுகிற சின்ன அட்டையும் அதற்காகத்தான் இருக்கின்றன, ஒழுங்காகப் போட்டால் சரி. முதுகுவலிதான் உண்மையான தொல்லை.

திறந்த இதய சத்திரசிகிச்சையில் இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓட்டுகிறவர் பெர்ஃபியூஷனிஸ்ட். அது தனிப் படிப்பு, பொறுப்பும் பெரிது. பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி), எக்கோ இயந்திரம் விற்கிற கம்பனிகளும் இந்தத் துறை ஆட்களை எடுக்கின்றன, கதைக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது பொருந்தும்.

எங்கே படிப்பது? எங்கள் அரச பல்கலைக்கழகங்களில் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் இணை சுகாதார விஞ்ஞான பீடங்கள் இருக்கின்றன. அங்கே தாதியம், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம் போன்றவை உண்டு. இசட் புள்ளி அதற்குப் போதுமென்றால் முதலில் அதைப் பாருங்கள், இதயம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் இதயத் தொழில்நுட்ப பி.எஸ்சி. இருக்கிறது, 3 வருடப் படிப்பும் 1 வருட வைத்தியசாலைப் பயிற்சியும். அந்தக் கடைசி வருடம்தான் அதன் பெறுமதியே. ஆனால் அந்தப் பட்டத்தோடு திரும்பி வந்தால் இங்கே அரச வேலை தானாகக் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். வளைகுடா போகிற எண்ணம் என்றால் அங்கே உரிமப் பரீட்சையும் சான்றிதழ்ச் சரிபார்ப்பும் உண்டு, அனுபவக் கடிதமும் கேட்பார்கள்.

தனியார் நிறுவனம் என்றால் கொஞ்சம் கறாராகவே கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவா? பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? பயிற்சி எந்த வைத்தியசாலையில், எத்தனை மாதம், அது எழுத்தில் இருக்கிறதா? "பெரிய ஆஸ்பத்திரியில்தான்" என்று வாயால் சொல்லிவிட்டுக் கடிதம் கேட்டால் நழுவுகிற இடத்தில் ஒரு சதமும் கட்டாதீர்கள். போன வருடம் படித்து முடித்த இரண்டு பிள்ளைகளின் தொலைபேசி எண்ணைக் கேளுங்கள், கொடுக்காவிட்டால் அதுவே பதில்.

இன்னொன்று, மொழி. கொழும்பில் பயிற்சிக்குப் போகிற பிள்ளை "மூச்சை அடக்குங்கோ, இடப்பக்கம் திரும்பிப் படுங்கோ" என்று சிங்களத்தில் சொல்ல வேண்டியிருக்கும். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கிற மாதங்களில் சிங்களமும் ஆங்கிலமும் கதைக்கப் பழகட்டும்.

யாராவது ஏதாவது கற்கைநெறிக்கு முற்பணம் கட்ட யோசித்துக்கொண்டிருந்தால், கட்டுவதற்கு முன் அந்தத் துண்டுப்பிரசுரத்தையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பாடசாலை முடிந்த பிறகு வாருங்கள். உயிரியல், பௌதிகவியல் ஆசிரியர்களையும் இருக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அதிபர்,
திருகோணமலை.