தனி பேக்பைப்பும் என் குறிப்பேடும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பேக்பைப் என்றாலே ராணுவ அணிவகுப்புதான் நம்மவர்களுக்கு நினைவு வருகிறது. ஒருவர் தனியாக நின்று வாசிக்கும் போட்டியைப் பற்றித் தமிழில் நான் படித்ததே இல்லை. அதனால்தான் இக்கடிதம்.

1788இல் தொடங்கிய நார்தர்ன் மீட்டிங் அமைப்பு ஸ்காட்லாந்தின் இன்வர்னஸில் நடத்தும் போட்டிக்குப் போயிருந்தேன். கில்ட் எனும் ஸ்காட்லாந்துப் பாவாடை அணிந்த கலைஞர் மேடையில் மெல்ல நடந்தபடியே சுருதி சேர்க்கிறார். நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதக் கேட்டு வளர்ந்தவள் நான். தோளில் சாய்ந்தபடி இடைவிடாமல் சுருதி ஒலிக்கும் மூன்று ட்ரோன் குழல்களும் ஒரே நாதமாகக் கரைந்த கணத்திலேயே குறிப்பேட்டைத் திறந்துவிட்டேன்.

பீப்ரோக் என்ற பழைய பேக்பைப் இசை வடிவம்தான் அங்கே உயிர். முதலில் 'உர்லார்', அதாவது தரை எனப்படும் அடிப்படை மெட்டு, நிதானமாக வரும். பிறகு மாறுபாடுகள், விரல்கள் பொரிந்து தள்ளும் க்ருன்லுஆ எனும் உச்ச மாறுபாடு வரை. மறுபடி தரை. மெட்டு வாசிக்கும் குழலில் ஒன்பதே ஸ்வரங்கள். ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ இடையில் நிறுத்தவோ வழியில்லை. எந்த ஸ்வரத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதில்தான் உணர்ச்சியெல்லாம். என் குறிப்பேட்டில் நான் மதிப்பெண் போட்டதும் அதற்கே, வேகத்துக்கு அல்ல.

நான் முதலிடம் தந்தவர் உர்லாரின் நீண்ட ஸ்வரம் ஒன்றை விட மனமில்லாமல் விட்டார். கடைசி மாறுபாட்டில் ஒரு விரல் தவறியது. இசைக்குறிப்பை விரித்து வைத்திருந்த நடுவர்களின் காதுக்கு அது தப்பவில்லை. பரிசுப் பட்டியலில் அவர் இல்லை. ரயிலில் திரும்பும்போது என் காதில் நின்றது அவர் வாசிப்புதான்.

தங்கள் இசைப் பக்கத்தில் பீப்ரோக் பற்றி ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

ஒரு வாசகி,
எடின்பரோ