அச்சேறிய ஆண்டை வைத்து எண்ணக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஆங்கிலத்தில் எழுதிய பெண்களின் வரலாறு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல நடை. நாடகாசிரியர் அஃப்ரா பென்னுக்குத் தாராளமாக இடம் ஒதுக்கியதும் சரியே. கூடவே கொடுத்திருந்த காலவரிசைப் பட்டியல்தான் இடிக்கிறது. 1670க்கு முன்னால் அதில் மூன்றே பெயர்கள். அதைக் காட்டி, அதுவரை பெண்கள் வாய் திறக்கவில்லை என்று கட்டுரையாளர் முடிவு கட்டிவிடுகிறார்.

பட்டியலில் உள்ளவை எல்லாம் நூல் அச்சான ஆண்டுகள். அந்தக் காலத்துக்கு இதை அளவுகோலாக வைத்தால் ஆண்களிலேயே பாதிப்பேர் தேறமாட்டார்கள். கவிஞர் ஜான் டன் இறந்தது 1631இல், கவிதைத் தொகுப்பு அச்சானது 1633இல். அவர் வாழ்ந்த காலமெல்லாம் சும்மா இருந்தார் என்று யாரும் எழுதுவதில்லை.

நார்விச் ஜூலியனுக்கு எதிரே 1670 என்று போட்டிருக்கிறது. அஃப்ரா பென்னின் முதல் நாடகம் லண்டனில் மேடையேறியதும் அதே 1670தான். இந்தக் கணக்கில், தேவாலயச் சுவரையொட்டிய சிறு அறையில் அடைபட்டு வாழ்ந்த 14ஆம் நூற்றாண்டுப் பெண் துறவியும், ஒற்றராக வேலை பார்த்துவிட்டு நாடகத்துக்கு வந்த பென்னும் ஒரே ஆண்டில் அறிமுகமானவர்கள் ஆகிவிடுகிறார்கள்! ஜூலியன் நோயில் கிடந்து பதினாறு தெய்விகக் காட்சிகளைக் கண்டது 1373 மே மாதம். அப்போது வயது முப்பதரை என்று அவரே சொல்கிறார். அவற்றைப் பற்றி அவர் எழுதிய நூலுக்குக் குறும்பிரதி, நெடும்பிரதி என இரண்டு வடிவங்கள் உண்டு. காட்சிகளின் பொருள் தெளிய இருபது ஆண்டுகளுக்கு மூன்று மாதம் குறைவாக ஆயிற்று என்று நெடும்பிரதியில் எழுதியிருப்பதால், அது 1393க்கு முன்னால் முடிந்திருக்க முடியாது. ஒரு பெண் எழுதியது என்று உறுதியாகத் தெரிந்து நமக்குக் கிடைத்திருக்கும் ஆங்கில நூல்களில் இதுவே மூத்தது.

அப்படியானால் 1670 எங்கிருந்து வந்தது? எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த பின், ஆங்கிலேயக் கத்தோலிக்கக் கன்னியர்கள் பிரான்ஸ் பக்கம் போய்க் காம்ப்ரேயிலும் பாரிஸிலும் மடம் அமைத்தார்கள். நெடும்பிரதியைப் படியெடுத்துக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். இன்று கிடைக்கும் முழுமையான படிகள் எல்லாமே 17ஆம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிந்தியவை. அந்த மரபிலிருந்து செரீனஸ் கிரெஸி என்ற பெனடிக்டின் துறவி அச்சிட்டது 1670இல். குறும்பிரதிக்கு ஒரே ஒரு படிதான். அது 1909இல் வெளிப்பட்டு 1911இல் அச்சானது. ஆக, நீங்கள் கொடுத்திருக்கும் ஆண்டு கிரெஸியின் ஆண்டு, ஜூலியனுடையது அல்ல.

மார்ஜரி கெம்ப்பைப் பட்டியலில் காணவே இல்லை. நார்ஃபோக்கின் லின் நகரத்துக்காரர். பதினான்கு பிள்ளைகள் பெற்றவர். மது வடிக்கும் தொழிலும் மாவரைக்கும் ஆலையும் வைத்து இரண்டிலும் நொடித்துப்போனவர். எருசலேம், ரோம், சந்தியாகோ என்று யாத்திரை போனவர். சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய நூல் அவருடையது. முதலில் எழுதியவரின் கையெழுத்தும் மொழியும் ஆங்கிலமாகவும் இல்லை, ஜெர்மனாகவும் இல்லை; வாங்கிப் பார்த்த பாதிரியாருக்கு ஓரெழுத்தும் பிடிபடவில்லை. ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டுவிட்டு 1436 ஜூலையில்தான் அவர் புதிதாக எழுதத் தொடங்கினார். இரண்டாம் பகுதி 1438இல்.

அந்த நூல் பட்ட பாடு தனிக்கதை. 1501 வாக்கில் வின்கின் டி வோர்ட் அதிலிருந்து சில பக்கங்களை மட்டும் பொறுக்கிச் சிறு நூலாக அச்சிட்டார். பக்திக்கு உதவும் வாசகங்களை வைத்துக்கொண்டு, பயணம், வழக்கு, ஊர்ச்சண்டை, கணவனோடு செய்துகொண்ட உடன்பாடு எல்லாவற்றையும் கழித்துவிட்டார்கள். 1521இல் அதை மறுபடி அச்சிட்ட ஹென்றி பெப்வெல், மீதியிருந்ததைப் பார்த்து இவரும் அறைக்குள் அடைபட்ட துறவி என்றே எழுதிவிட்டார். எருசலேம் வரை போய்வந்தவருக்குக் கிடைத்த பட்டம்! நானூறு ஆண்டுகளுக்கு அதுதான் நிலைத்தது. 1934இல் டெர்பிஷயரில் ஒரு பழைய வீட்டின் அலமாரியில், மேசைப் பந்தாட்டச் சாமான் தேடப்போனபோது முழுச் சுவடி அகப்பட்டது. இன்னாருடையது என்று அடையாளம் கண்டவர் ஹோப் எமிலி ஆலன் என்ற அமெரிக்க ஆய்வாளர். செம்பதிப்பு வந்தது 1940இல்.

பிறர் கையால் எழுதியது எப்படி அவருடைய எழுத்தாகும் என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் காலத்தில் வாசிக்கத் தெரிவதும் எழுதத் தெரிவதும் வேறு வேறு திறமைகள். சொல்லி எழுதவைப்பது ஆண்களுக்கும் வழக்கம்தான். நார்ஃபோக்கின் மார்கரெட் பாஸ்டன் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் இருக்கின்றன. அவை பல எழுத்தர்களின் கைகளில் உள்ளவை. கை மாறினாலும் குரல் மாறவில்லை. கணவருக்கு அம்பும் வில்லும் அனுப்பச் சொல்லும் அதே மூச்சில் சர்க்கரையும் பாதாமும் கேட்கும் குரல் அது.

மேட்டுக்குடிப் பெண்கள் விஷயத்தில் சிக்கல் இன்னொரு வகை. அச்சுக்குக் கொடுப்பது அந்த வட்டத்தில் கௌரவக் குறைவு. சுவடியைப் படியெடுத்துச் சுற்றுக்கு விடுவதே வெளியீடு. மேரி சிட்னி என்னும் பெம்புரோக் சீமாட்டி, அண்ணன் ஃபிலிப் விவிலியத்தின் 43 சங்கீதங்களோடு விட்டுப்போன வேலையை எடுத்து 44 முதல் 150 வரை ஆங்கிலக் கவிதையாக்கினார். ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் வேறு யாப்பு. 1599க்குள் முடிந்துவிட்டது, டன் அதைப் புகழ்ந்து கவிதையே எழுதினார். முழுதாக அச்சானது 1823இல். மேரி சிட்னியின் தம்பி மகள் மேரி ரோத் 1621இல் ஒரு நீண்ட காதல் கதையை அச்சில் விட, அதில் தன் குடும்பச் சங்கதி இருக்கிறது என்று டென்னி பிரபு கூச்சலிட்டார். தன் விருப்பமில்லாமல் விற்பனைக்குப் போனது, நிறுத்தச் சொல்லிவிட்டேன் என்று ரோத் எழுதவேண்டியதாயிற்று. அதன் இரண்டாம் பாகச் சுவடி சிகாகோவின் நியூபெர்ரி நூலகத்தில் இருக்கிறது, அச்சானது 1999இல்.

அச்சை மட்டும் பார்த்தாலும் மூன்று பெயர் போதாது. அரசி கேத்தரின் பார் 1545, சொனட் வரிசை எழுதிய ஆன் லாக் 1560, இசபெல்லா விட்னி 1567, எமிலியா லான்யர் 1611, எலிசபெத் கேரி 1613. இவர்களில் விட்னியை அவசியம் படிக்கவேண்டும். வேலையும் காசும் இல்லாமல் லண்டனைவிட்டுக் கிளம்பும் ஒருத்தி, தனக்குச் சொந்தமில்லாத கடைவீதிகளையும் கசாப்புக் கடைகளையும் சிறைகளையும் அந்த நகரத்துக்கே உயில் எழுதி வைக்கிற கவிதை (1573) அவருடையது.

'முதல்' என்ற சொல்லையும் கட்டுரை கொஞ்சம் தாராளமாகப் புழங்குகிறது. பென் முதல் பெண் நாடகாசிரியர் அல்லர். சொந்தமாக எழுதிய நாடகத்தை முதலில் அச்சில் கொண்டுவந்தவர் கேரி. பிரெஞ்சிலிருந்து கேத்தரின் ஃபிலிப்ஸ் மொழிபெயர்த்த நாடகம் 1663இல் டப்ளினில் மேடையேறியது. லண்டனில் ஃபிரான்சிஸ் பூத்பி 1669இல் வந்துவிட்டார். பென்னின் சாதனை, ஆண்டுக்கணக்கில் எழுதியே பிழைத்தது. மூன்றாம் நாள் வசூலில் அரங்கச் செலவு போக மிச்சம் ஆசிரியருக்கு என்பது அன்றைய ஏற்பாடு. இரண்டாம் நாளோடு நாடகம் படுத்துவிட்டால் கையில் ஒன்றுமில்லை. அவர் அடுத்தடுத்து எழுதிக்கொண்டே இருந்ததற்கு இதுவும் காரணம்.

18ஆம் நூற்றாண்டில் பணம் வந்த வழிகள் இரண்டு. ஒன்று, பதிப்பாளருக்கு உரிமையை மொத்தமாக விற்பது. ஃபேனி பர்னி 'எவலினா' நாவலை 1778இல் இருபது கினிக்குக் கொடுத்தார். ஒரு கினி 21 ஷில்லிங், ஆக 21 பவுண்டு. தந்தையின் நூல்களுக்கு அவர்தான் படியெடுத்துக் கொடுப்பவர், அச்சகத்துக்காரர்கள் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து, மூன்று பாகங்களையும் வேறு கையெழுத்தில் எழுதினார். மற்றொன்று, நம் பதிப்பாளர்களும் அறிந்த முன்வெளியீட்டுத் திட்டம். பிரிஸ்டல் பால்காரி ஆன் இயர்ஸ்லிக்கு 1785இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பணம் திரட்டித் தந்தவர் ஹன்னா மோர். திரட்டிய பணத்தை அறக்கட்டளையில் பூட்டிவைத்ததால் இருவருக்கும் மனக்கசப்பு முற்றி, அடுத்த தொகுப்பில் இயர்ஸ்லி தன் தரப்பை எழுதியே விட்டார். ஃபிலிஸ் வீட்லிக்கு 1772இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆள் சேரவில்லை. நூல் லண்டனில் 1773இல் வந்தது. அடிமைப் பெண் எழுதியதுதான் என்று பதினெட்டுப் பேர் கையொப்பமிட்ட சான்று முகப்பில் உண்டு. அவர்கள் கூடி அவரைக் கேள்வி கேட்டுப் பரீட்சித்தார்கள் என்று உங்கள் கட்டுரையும் சொல்கிறது; அப்படியொரு கூட்டம் நடந்ததற்கு ஆவணம் கிடையாது.

பட்டியலைத் திருத்தி வெளியிடுவதானால், எழுதிய ஆண்டுக்கு ஒரு பத்தி, அச்சான ஆண்டுக்கு ஒரு பத்தி வையுங்கள். மேரி வோர்ட்லி மாண்டேகுவின் துருக்கிக் கடிதங்களுக்கு 1716-18, 1763 என்று இரண்டும் வேண்டும். மரி டி ஃபிரான்ஸை எடுத்துவிடலாம். இங்கிலாந்தில் எழுதினாலும் அவர் எழுதிய மொழி பிரெஞ்சு. மூல நூல்களைத் தேடும் மாணவர்கள் ஒரே பெயரில் தேடி நின்றுவிடக் கூடாது: மார்கரெட் கேவண்டிஷ் பழைய அட்டவணைகளில் நியூகாஸில் சீமாட்டியாகவும், பர்னி மேடம் தார்ப்ளேயாகவும் இருப்பார்கள். 1800க்கு முந்தைய அச்சில் எஸ் எழுத்து சொல்லின் நடுவில் எஃப் போலவே இருக்கும். கணினி அதை எஃப் என்றே படித்துவைத்திருந்தால் சரியான எழுத்தில் தேடினால் அகப்படாது. இரண்டு வகையாகவும் தட்டிப் பார்க்கவேண்டும்.

தேதிகளில் இன்னொரு பொறியும் உண்டு. இங்கிலாந்தில் 1752க்கு முன்பு மார்ச் 25 அன்றுதான் ஆண்டு மாறும். ஆகவே ஜனவரி, பிப்ரவரித் தேதிகள் சில நூல்களில் ஓராண்டு பின்தங்கி இருக்கும். மார்ஜரி புரூஸ் தன்னை மணக்கவிருந்த ஜான் பாஸ்டனுக்கு அனுப்பிய வாலண்டைன் கடிதத்துக்கு ஒரு நூலில் 1476 என்றும் இன்னொன்றில் 1477 என்றும் இருந்தால், இரண்டும் ஒரே பிப்ரவரிதான்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சிராப்பள்ளி